அப்பாவின் ஜட்டியைத் தின்ற மண்

அப்பாவை அடக்கம் செய்த மதியமே அவருடைய ஜட்டியைத் தேடி ஊரே தோண்டியது.

அப்பா பெயர் வெர்லன் டில்லரி. தெற்கு ஜார்ஜியாவில் கட்டை இழுக்கும் வண்டி ஓட்டினார். வெட்டிய பைன் மரங்களைக் கவ்வி, லாரி நிற்கும் இடத்துக்கு இழுத்து வரும் வண்டி. சத்தமாகச் சிரிப்பார். ஜெபத்தின் நடுவிலும் சிரிப்பார். ஓய்வுபெற்ற பிறகு, மழை ஈரத்தில் தன் வண்டி ஓடிய காடுகளைப் போய்ப் பார்த்தார். மண் இறுகிப்போன சக்கரத் தடங்களில் கன்றுகள் முழங்காலுக்கு மேல் வளரவில்லை.

"நான் மரம் இழுக்கல லனெல். ரோடு போட்டிருக்கேன்" என்றார் என்னிடம்.

எங்கள் சர்ச்சுக்குப் பின்னால் பைன் காடு. கிழக்குப் பாதியில் உதிரும் ஊசி இலைகளை வருஷாவருஷம் வாரிக் கட்டி, தோட்டங்களில் மண்மேல் பரப்ப விற்பார்கள். மேற்குப் பாதியை யாரும் வாரியதில்லை. இந்தக் கோடையில் அங்கே சில மரங்களை வெட்டிக் குறைக்க முடிவானது. கிளை, கொப்பு, ஊசி எதையும் விடாமல் இழுத்து வந்து அரைத்து அனுப்ப வேண்டும் என்றார் சர்ச் நிர்வாகத்தைப் பார்க்கும் டீக்கன் ஹார்மன் ஸ்டப்ஸ், சபைக் கூட்டத்தில். நான் மண் ஆய்வகத்தில் வேலை செய்பவள். சத்து அதிகம் செறிந்திருப்பது கிளையிலும் ஊசியிலும்தான், அவை அங்கேயே மக்கட்டும் என்று வரைபடம் காட்டிப் பேசினேன். கொட்டாவி விட்டார்கள்.

அப்பா எழுந்தார்.

"பிரதர் ஹார்மன், நீங்க வாருற கிழக்குல ஒரு பருத்தி ஜட்டி, மேற்குல ஒண்ணு புதைக்கிறேன். ரெண்டு மாசம் கழிச்சுத் தோண்டுவோம். உயிருள்ள மண்ணு பருத்தியைத் தின்னுடும். மேற்குல தின்னு, கிழக்குல தின்னலேன்னா கிளையைத் தொடக்கூடாது."

"யாரோட ஜட்டி?"

"என்னோடதுதான். உங்களோடதுன்னா மண்ணு செத்துடும்."

போதகரே மேசையைத் தட்டிச் சிரித்தார். பந்தயம் உறுதியானது.

தோண்ட வேண்டிய வாரத்தில் அப்பாவின் இதயம் நின்றது.

அடக்கத்துக்குப் பின் சர்ச் கூடத்தில் சாப்பாடு. ஹார்மன் கோழிக்காலோடு வந்து நின்றார். "மன்னிச்சுக்கம்மா. நாளைக்கு மரம் இழுக்க வண்டி வருது. அந்தத் துணி விஷயம்..."

அம்மா தட்டை வைத்தாள். "ஜட்டின்னே சொல்லுங்க ஹார்மன். அவருக்கு வெக்கமே கிடையாது. மண்வெட்டி எங்க?"

கிழக்குப் பாதியில் வேலிக்கம்பத்தடியில் புதைத்திருந்தார். மண்வெட்டி டங்கென்று எகிறியது. கடைசியில் வெளியே வந்த ஜட்டி, அலசினால் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

மேற்கே போனோம். நீல நாடா கட்டிய மரத்தடியில் என்று அப்பா சொல்லியிருந்தார். நாடா எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் நீல நாடா கட்டினால் வெட்ட வேண்டிய மரம் என்று பொருள். வாழ்நாள் முழுக்க நாடா பார்த்து மரம் இழுத்த மனிதர் அதையே அடையாளமாகக் கட்டியிருக்கிறார். வெட்டும் குழு அந்த வாரம்தான் முடித்துப் போயிருந்தது. நீல நாடாவோடு மரங்கள் காடு முழுக்க வெட்டுண்டு கிடந்தன.

"புதைக்கவே இல்லியோ என்னவோ" என்றார் ஹார்மன்.

"அவர் பொய் சொல்லுவாரு. ஆனா ஜட்டி விஷயத்துல சொல்ல மாட்டாரு" என்றாள் அம்மா. "ஆளுக்கு ஒரு அடிக்கட்டை. தோண்டுங்க."

கறுப்பு உடையில் எல்லோரும் தோண்டினார்கள். போதகர் கழுத்துப்பட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டினார். ஆர்கன் வாசிக்கும் மிஸ் வில்மாத்தின் குதிகால் செருப்பு கணுக்கால் வரை புதைந்தது. "அந்தப் பக்கம் டான்ஸ் ஆடலாம். இங்க நிக்கவே முடியலியே!" என்று கத்தினார். யாரோ ஒருவர் கரடிக்குட்டி மாதிரி மண்ணைப் பின்னால் தள்ளினார். ஹார்மனுக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனால் அவர் மண்வெட்டி வெண்ணெயில் போவது போல இறங்கிக்கொண்டிருந்தது. அவர் தோண்டுவதை நிறுத்தவே இல்லை.

பிறகு ஏதோ சிக்கியது. இழுத்தார். இடுப்பு எலாஸ்டிக் மட்டும் வளையமாக வந்தது. கரிய மண், வெள்ளைப் பூஞ்சை இழைகள், தொங்கிய ஒரு மண்புழு. வேறு ஒன்றுமில்லை.

அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு காடே சிரித்தது. நான் ஒரு அடிக்கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று போதகர் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

ஹார்மன் கல்லறைப் பக்கம் திரும்பி வளையத்தைத் தூக்கிக் காட்டினார். "வெர்லன்! நீயே ஜெயிச்சேய்யா! கிளையெல்லாம் கிடக்கட்டும்!"

மறுநாள் மரங்களை அங்கேயே கிளை கழித்து, கட்டைகளை மட்டும் கொண்டுபோனார்கள். சாயங்காலம் அம்மாவும் நானும் பார்க்கப் போனோம். நடக்க வழியில்லை. அம்மா கிளை தடுக்கி ஊசிக் குவியலில் விழுந்தாள்.

"பாவி மனுஷன்" என்றாள். எழுந்திருக்கவில்லை. "மெத்துமெத்துன்னு இருக்குடி. நீயும் வா."