எலி கடித்த இடம்

பெருங்களத்தூரில் நாலு மாடிக் கட்டடம், மேடவாக்கத்தில் ஓடும் தண்ணீர் லாரிகள் ஆறு, அனகாபுத்தூர் பெண்கள் சங்கத்துக்கு இனாமாகக் கட்டிக்கொடுத்த கூடம். ஐந்தாவதுகூடத் தேறாதவன் தனி ஆளாய்ச் செய்தது இத்தனையும். படித்தவன் எவனும் எனக்குக் கை கொடுக்கவில்லை.

அந்தக் கூடத்துச் சுவரில் ஒரு பெரிய போர்வை தொங்குகிறது. எண்பதுகளில், எனக்கு ஒன்பது வயதில், எங்கள் தெருப் பெண்கள் பழந்துணிகளை ஒட்டித் தைத்தது. பெண்ணாய்ப் பிறந்ததால் வீட்டில் எது கிடைக்காமல் போனதோ, அதை ஆளுக்கொரு துண்டில் தைக்கச் சொன்னார் சங்கத்து டீச்சர். ஒருத்தி காலிச் சோற்றுப்பானையைத் தைத்தாள்.

அக்காவை ஏழாவதோடு நிறுத்தி, தறிக்கு நூல் சுற்ற உட்கார வைத்திருந்தார் அப்பா. அவள் தன் பள்ளிக்கூடப் பாவாடையில் ஒரு சதுரம் வெட்டி, ராட்டினத்தின் முன்னே ஒரு பெண்ணையும் பையோடு போகும் ஒரு பையனையும் தைத்தாள். "ஞாயித்துக்கெழம போர்வைய பஸ் ஸ்டாப்பாண்ட மாட்டுவாங்கடா. அப்பா பாத்தாருன்னா ஜூன்ல என்னைத் திரும்ப இஸ்கூலுக்கு அனுப்பிடுவாரு" என்றாள்.

அந்தப் பையனுக்கு என் காது. சனிக்கிழமையே கூட்டாளிகள் பார்த்துவிட்டார்கள். "டேய், இது நீதான்டா! காது மொறம் மாரி கீது. பை பெர்சு, மார்க்கு முட்டை!"

பென்சில் சீவும் பிளேடால் அந்தச் சதுரத்தை அறுத்து எடுத்து அடையாற்றில் விட்டேன்.

மறுநாள் டீச்சர் ஒவ்வொரு துண்டாகக் காட்டிப் பேசிக்கொண்டே வந்தார். ஓட்டையைக் கண்டு திகைத்து, "உன்னோடது எங்கேம்மா?" என்றார் அக்காவிடம். அக்கா என்னைப் பார்த்தாள். பிளேடு கீறிய என் விரலைப் பார்த்தாள்.

"நான் ஒண்ணும் தெக்கல டீச்சர்."

அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தீங்களா, எம்பொண்ணுக்கு ஒரு கொறையும் கெடையாது!" என்று பஸ்ஸுக்கு நின்றவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஜூன் வந்தது. பையோடு நான் போனேன். அவள் ராட்டினத்தை விட்டு எழவேயில்லை. அப்பாவின் அடியிலிருந்து என்னைக் காப்பாற்ற அவள் எதைக் கொடுத்தாள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. அக்காவுக்கு என்மேல் பயம் என்றுதான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். இப்போது அவளுக்குக் கண் மங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போனால், "சாப்ட்டியாடா?" என்கிறாள்.

போர்வைக்கு இப்போது கண்ணாடி போட்டு, ஒவ்வொரு துண்டின் கீழும் தைத்தவள் பெயரை எழுதியிருக்கிறார்கள். ஓட்டையின் கீழே 'எலி கடித்த இடம்' என்று இருக்கிறது. வாசல் கல்லில் கொட்டை எழுத்தில் என் பெயர்.

சங்கத்தாருக்குச் சொல்கிறேன். வாசல் கல்லை வேண்டுமானால் பெயர்த்துப் போடுங்கள். ஆனால் அந்த எலியை அழித்துவிட்டு, அங்கே என் பெயரை எழுதுங்கள். அது என் கைவேலை.