நட்சத்திரம் போட்ட ஊர்

இதைப் படிப்பவர்கள் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். எந்த ர, எந்த ற என்பதில் இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடத்தான். ஆனால் இதை வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே ஒரு அண்ணன். இங்கிலீஷ் படித்தவர். கப்பல் சரக்கு ஆபீசில் கிராணி, கணக்கெழுதுகிற வேலை. கல்யாணம் ஆனதும் கடலைத் தாண்டி பட்டர்வொர்த் பக்கம் கல் வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் தீவிலேயே, சுங்கை பினாங்கில் எங்கள் பலகை வீட்டில் அம்மாவோடு தங்கிவிட்டேன். அம்மா போன பிறகு அந்த வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும். வேலை அண்ணன் இருக்கிற பக்கம், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில். காலையில் ஃபெரி பிடித்து அந்தப் பக்கம் போவேன், சாயங்காலம் ஃபெரி பிடித்து இந்தப் பக்கம் வருவேன். சனிக்கிழமை அரை நாள் வேலை. அது முடிந்ததும் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவது வழக்கம்.

தொண்ணூற்று மூன்றிலோ நாலிலோ அண்ணன் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார். பிள்ளைகள் படிக்கட்டும் என்று வாங்கியது. பிள்ளைகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் முன்பே யாரோ போட்டு வைத்திருந்த ஒரு கேம் இருந்தது. நடுவில் கடல், சுற்றிலும் நாடுகள். பழைய ரோமாபுரிக் காலத்துச் சண்டை. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம். அண்ணன் எப்போதும் ரோம், சிவப்புக் கொடி. எனக்குக் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கார்த்தேஜைக் கொடுத்தார், நீலக் கொடி. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் ஆடலாம். கதிர் படம் போட்டிருந்தால் தானியம். கேடயம் இருந்தால் படை. நட்சத்திரம் இருந்தால் அதுதான் தலைநகரம். ஒரு மாதத்தில் எனக்குப் பழகிவிட்டது. ஆளோடு பேசாமல் ஆடுகிற ஆட்டம் என்பதால் எனக்குப் பிடித்தும் போனது.

அண்ணன் ஒரு விதி வைத்திருந்தார். ஒருவர் ஆடும்போது மற்றவர் பார்க்கக்கூடாது. என் முறை முடிந்ததும் நான் பிளாஸ்டிக் முக்காலியில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவேன். சுவரில் சீன மருந்துக்கடை காலண்டர் தொங்கும். முதுகுக்குப் பின்னால் அண்ணன் மவுசைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். கொஞ்சமாகத் தட்டினால் வீட்டு வேலை பார்க்கிறார் என்று அர்த்தம். விடாமல் தட்டினால் படை நகர்கிறது. எங்கே என்று தெரியாது. காலண்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

அண்ணன் முதலில் சண்டைக்கு வரமாட்டார். முதலில் ஒரு கப்பல் வரும், நிறையத் தானியத்தோடு. சும்மா கொடுப்பது. வாங்கிக்கொண்டால் என் ஊர்க்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். நாலைந்து முறை கழித்து, கடல் கொள்ளைக்காரர்கள் வருகிறார்கள், என் படை உன் ரோட்டு வழியாகப் போகட்டும் என்று கேட்பார். போகிற படை ஒரு ஊரில் தங்கும். பாதுகாப்புக்கு என்பார். பிறகு இன்னொரு ஊரில். என் நீலக் கொடிக்குப் பக்கத்திலேயே சிவப்புக் கொடி, ஊருக்கு ஒன்று. அப்புறம் ஒரு நாள் முதுகுக்குப் பின்னால் அந்தத் தட்டுகிற சத்தம் நிற்காமல் கேட்கும். “திரும்புடா” என்பார். திரும்பினால் படம் முழுக்கச் சிவப்பாக இருக்கும்.

“என்னண்ணே, சண்டையே போடலியே நீங்க?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“சண்டை போட்டா ரெண்டு பக்கமும் ஆள் போவுது. நீதான் கதவத் தொறந்து விடுறியே, அப்புறம் எதுக்குலா சண்டை?” என்று சிரித்தார்.

தானியத்தை வாங்காமல் இருந்தால் போதும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு தடவை வேண்டாம் என்றும் அமுக்கினேன். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. நான் கொடுப்பதையே வேண்டாம் என்கிறாயா என்றார், கேமில் இல்லை, நிஜமாகவே. அண்ணி கொண்டுவந்த தேத்தண்ணீர்கூட அன்றைக்கு ருசிக்கவில்லை. அதற்குப் பிறகு எப்போது கப்பல் வந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் நான் தோற்கவில்லை. அன்றைக்குத் தெரியாமல் எதையோ தட்டி, என் நட்சத்திரத்தைத் தூரத்தில் ஒன்றுக்கும் உதவாத ஒரு தீவு ஊருக்கு மாற்றிவிட்டேன். அண்ணனுக்கு நட்சத்திரம் இருக்கிற ஊர்தான் வேண்டும். அதைப் பிடித்தால்தான் அவருக்கு ஜெயித்த மாதிரி இருக்கும், கொம்பு ஊதும், பெரிய எழுத்தில் பெயர் வரும். மொத்தப் படையையும் கிளப்பிக்கொண்டு தீவுக்குப் போனார். கொம்பு ஊதியது. ஆனால் கதிர் விளைகிற என் ஊர்கள் எல்லாம் அப்படியே நீலமாக இருந்தன. அண்ணன் வெகுநேரம் படத்தையே பார்த்தார். இது கணக்கில் சேராது என்று சொல்லிக் கம்ப்யூட்டரை அடைத்துவிட்டார்.

அடுத்த வருஷம் எங்கள் கம்பத்துக்கு, அந்தப் பலகை வீட்டுக் குடியிருப்புக்கு, வீடு கட்டுகிற கம்பெனி ஆட்கள் வந்தார்கள். பலகை வீடுகளை எடுத்துவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். ஒரு வீட்டுக்கு ஒரு பிளாட். எங்கள் வீடு செத்துப்போன அம்மா பேரில் இருந்தது. அந்த மாதிரி வீடுகளுக்கு, வீடு யாருடையது என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, கம்பத்துத் தலைவர் சொல்கிற பேரை எழுதுவார்கள் என்று பேச்சு. எனக்கு வேறு இடம் கிடையாது. அந்த பிளாட் கைக்கு வராவிட்டால் நானும் என் மனைவியும் வாடகைக்கு அறை தேடவேண்டியதுதான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். வருஷக்கணக்கில் வராதவர். லோரியில் ஒரு மூட்டை அரிசியும் கூரைக்குப் புதுத் தகரமும் இறங்கின. எதற்கு இடிக்கப் போகிற வீட்டுக்குத் தகரம் என்று நான் கேட்கவில்லை. மழை ஒழுகுகிறதே, இடிக்கிறவரைக்கும் நனையாமல் இருங்கள் என்று அவரே சொன்னார். என் மனைவிக்குச் சந்தோஷம். கோழி வாங்கிக் கறி வைத்தாள். எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு அலமாரி வந்தது. அவர் வீட்டில் இடம் இல்லையாம். பிறகு ஒரு கட்டில். சாமான் இருக்கிறதே, ஒரு சாவி என்னிடம் இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு நாங்கள் இல்லாத நேரத்திலும் வந்துபோனார். ஒரு நாள் நான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் வீட்டைச் சுற்றி வந்து மோதிரம் போட்ட விரலால் ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தார். டொக், டொக். நான் என்னை அறியாமல் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். என் மனைவிதான் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

தட்டி முடித்துவிட்டு அண்ணன் சொன்னார். இந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் அம்மாவுக்குப் போடுகிற படையலைப் பெரிதாகச் செய்யவேண்டும். சொந்தக்காரர்கள் எல்லோரையும் கூப்பிடப் போகிறார். கம்பத்துத் தலைவரையும் கூப்பிடப் போகிறார்.

“அம்மா படம் இருக்கிற வீடு, வருஷா வருஷம் படையல் போடுற வீடு. இது எல்லாருக்கும் பொதுதானடா. பொது வீட்டுக்கு மூத்தவன் பேரு இருந்தா யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. ஒனக்கும் பாதுகாப்பு. நீ பாட்டுக்கு பிளாட்ல இரு, யாரு ஒன்ன வேணாங்கிறா?”

“சரிண்ணே” என்றேன். எனக்கு வருகிற வார்த்தை அதுதான்.

அவர் போனதும் என் மனைவி பாத்திரத்தைக் கழுவாமல் கீழே வைத்தாள்.

“சரின்னுட்டீங்க.”

“ம்.”

“அவரு பேர்ல இருக்கிற வீட்ல நாம எத்தன நாளு இருக்கிறது? அலமாரி நம்மள கேட்டுக்கிட்டா வந்துச்சு?”

நான் அம்மா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சொந்தத்தில் படையல் போடுகிற வீட்டுக்குத்தான் எல்லோரும் வருவார்கள். அம்மாவுக்குப் பிடித்த புளிக்குழம்பு, ஒரு புதுப் புடவை, ஒரு கண்ணாடிக் கிளாஸில் கறுப்பு காப்பி. அந்த ஒரு நாளுக்காகத்தான் சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டைத் தாய் வீடு என்றார்கள். அந்தப் படம் மாட்டியிருந்த ஆணிதான் வீட்டுக்கு நட்சத்திரம். நான் அதைத்தான் அன்றைக்குப் பார்த்தேன்.

தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் அம்மா படத்தை இறக்கினேன். அவளுடைய பழைய புடவையில் சுற்றினேன். கடையில் நல்ல அரிசியாக ஒரு மூட்டை வாங்கினேன். ஃபெரியில் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் அன்றைக்குக் கறுப்பாக இருந்தது. அம்மாவின் முகம் என் பக்கம் இருந்தது, அதனால் கண்ணாடியின் குளிர்ச்சி சட்டைக்கு உள்ளே வரைக்கும் தெரிந்தது.

அண்ணன் வீட்டு வாசலில் நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

“அண்ணே, அம்மா இனிமே ஒங்க வீட்ல இருக்கட்டும். படையல் மூத்தவரு வீட்லதான் போடணும். கல் வீடு, எடம் இருக்கு, எல்லாரும் வந்து ஒக்காரலாம்.”

அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தை இங்கே வரவேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன் என்றார். உடனே படத்தை வாங்கி, சாமி மேடைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து விளக்கேற்றிவிட்டார். அதே கையோடு போனை எடுத்துச் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார். வாசலுக்கு வந்து விளக்கேற்றியாகிவிட்ட அம்மாவை யார் வேண்டாம் என்று திருப்பி அனுப்ப முடியும்? அண்ணன் அம்மா படத்தைப் பார்த்தார். பிறகு என் காலடியில் இருந்த அரிசி மூட்டையைப் பார்த்தார். அதைத்தான் வெகுநேரம் பார்த்தார்.

“நல்லா கத்துக்கிட்டடா” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “வா, ஒரு ஆட்டம் போடுவோம்.”

கம்ப்யூட்டரைத் திறந்தார். நான் என் முறையை ஏதோ ஆடிவிட்டுக் காலண்டர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். தட்டுகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அண்ணி போனில் பேசுகிற சத்தம் கேட்டது, மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. மவுஸ் சத்தம் மட்டும் கேட்கவில்லை. கடைசியில் விதியை மீறி நானே திரும்பிப் பார்த்தேன். அண்ணன் கை மவுசில் இல்லை. மடியில் இருந்தது. அவர் என் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த வருஷம் படையல் அண்ணன் வீட்டில் நடந்தது. பிறகு கம்பத்துத் தலைவரும் கம்பெனி ஆளும் எங்கள் பக்கம் விசாரிக்க வந்தார்கள். அம்மா படமும் படையலும் மூத்தவர் வீட்டுக்குப் போய்விட்டது, இங்கே இருக்கிறது இவர்கள் இரண்டு பேர்தான் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். என் பேரை எழுதிக்கொண்டு போனார்கள். அண்ணன் லோரி கொண்டுவந்து அலமாரியையும் கட்டிலையும் ஏற்றினார். சாவியை மீட்டர் பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனார். கூரைத் தகரத்தைக் கேட்கவில்லை.

அதோடு பேச்சு நின்றது. சனிக்கிழமைகளில் நான் நேராக ஃபெரிக்குப் போனேன். ஒரு பிளாட்டுக்காக அம்மாவை வீட்டை விட்டு அனுப்பினவன் என்று சொந்தத்தில் பேசிக்கொண்டார்கள். படையலுக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. போன வருஷம் பிளாட்டுக்குக் குடிவந்தோம். ஒன்பதாவது மாடி. கூடத்தில் நான் ஒரு ஆணி அடித்தேன். மாட்ட ஒன்றும் இல்லை. என் மனைவி அதில் காலண்டரை மாட்டிவிட்டாள்.

வீடு எங்கள் கையில் இருக்கிறது, பத்திரம் இன்னும் வரவில்லை. இங்கே யாருக்கும் வரவில்லை. இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகும் என்கிறார்கள். அதுவரைக்கும் எழுதின பேர் மாறவும் கூடுமாம்.

வியாழக்கிழமை அண்ணி போன் செய்தார். என் மனைவிதான் எடுத்தாள். அண்ணன் வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். நடந்ததெல்லாம் போகட்டும் என்கிறாராம். அம்மா சின்னவனோடேயே இருந்தவள், இந்த வருஷத்திலிருந்து படையல் அங்கேயே நடக்கட்டும் என்று சொல்லி, படத்தைக் கழற்றித் துடைத்து வைத்திருக்கிறாராம்.

“அரிசிகூட வாங்கி வச்சிட்டாராம்” என்றாள் என் மனைவி. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “அவரே எறங்கி வர்றாரு. நீங்க ஏன் மூஞ்ச இப்படி வச்சிருக்கீங்க?”

இரண்டு நாளாக வீட்டைக் கழுவித் துடைக்கிறாள். இன்றைக்குக் காலையில் ஆணியிலிருந்து காலண்டரையும் எடுத்துவிட்டாள். அண்ணன் உண்மையாகவே மனம் மாறித்தான் வருகிறாரா, எனக்குத் தெரியாது. வயதானவர்களுக்கு மனம் மாறும். அப்படியும் இருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி இருக்கிறதா என்று உட்கார்ந்து யோசிக்கிறேன். அம்மா வாசலில் வந்து நின்றால் நான் எப்படி வேண்டாம் என்பேன்? எனக்கும் அவளைப் பார்க்கவேண்டும் போலத்தான் இருக்கிறது.

மேசை சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறது. எழுதிக்கொண்டே லிப்ட் வருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் நாளைக்குத்தான் வருவார்.

சனிக்கிழமை, 10 அக்டோபர் 1998.