நான் இல்லாத படகு

அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது. அதைத் திருப்பி எடுக்க ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். போதுமா தெரியவில்லை.

நியூபவுண்ட்லாந்துத் தீவைச் சுற்றிப் பத்து நாள் பயணம். சின்னக் கப்பல், எண்பது பேர்கூட இல்லை. பெரிய கப்பல்கள் நுழைய முடியாத குடாக்களுக்குள் நுழைவதுதான் அதன் பெருமை. காலையில் ரப்பர் படகுகளை இறக்குவார்கள். ஏறும்போது மாலுமியின் உள்ளங்கையைப் பிடிக்கக்கூடாது, முன்கையைப் பிடிக்க வேண்டும். அவனும் நம் முன்கையைப் பிடிப்பான். உள்ளங்கை வழுக்கும், முன்கை வழுக்காது. முதல் நாளே எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பழக்கினார்கள்.

"லீவெடுத்துக் குளிருக்குப் போற தமிழ் ஆக்கள் உலகத்திலயே நாங்கள்தான்," என்றாள் மனைவி, ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் கம்பளிச் சட்டைகளை மடித்தபடி. "மற்றச் சனம் கியூபாவுக்குப் போகுது."

நான் போக விரும்பியதற்குக் காரணம் அத்தான். என் அக்காவின் கணவர். எண்பதுகளில், இருபது வயதில், அந்தத் தீவுக்கு அப்பால் கடலில் கிடந்தவர். ஒரு கப்பல் எம்மவர் நூற்றுக்கும் மேற்பட்டோரை இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. மூடுபனி. மீனவர்கள் கண்டு கரை சேர்த்தார்கள். இதைப் பற்றி அவர் பேசுவதில்லை. அக்கா இறந்த வருடம் ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார்: இரண்டு படகையும் பிணைத்திருந்த கயிறு கழலத் தொடங்கியபோது அதைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாராம், தோல் உரியும்வரை. நான் கனடா வந்தது அதற்குச் சில வருடங்களின் பின், விமானத்தில், யன்னலோரம். கோழியும் சோறும் தந்தார்கள்.

"அத்தான், நீங்களும் வாறியளோ?" என்று கேட்டிருந்தேன்.

"எனக்கு அந்தக் கடலைத் தெரியும். நீ போய்ப் பாத்திட்டு வா."

பார்த்தேன். கறுத்த பாறைகள் நேராகத் தண்ணீருக்குள் இறங்கும் குடாக்கள். ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் வடக்கிலிருந்து படகில் வந்தவர்கள் வீடு கட்டி, சில காலம் இருந்து, விட்டுப்போன புல்மேடுகள். ஒரு பனிமலை, தன் நீல விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தன்னையே கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் நான் அத்தானைத் தேடினேன். அந்தத் தண்ணீருக்குள் கைவிட்டுப் பார்த்தேன், பத்து எண்ணுமுன் எடுத்துவிட்டேன். கப்பலில் எல்லாரும் நல்லவர்கள். "எந்த ஊர்?" என்று கேட்பார்கள், ரொறன்ரோ என்பேன், சிரித்தபடி காத்திருப்பார்கள், இன்னொரு ஊரைச் சொல்லும்வரை.

ஆறாம் நாள் ஒரு மீனவக் கிராமம். ஊர் மண்டபத்தில் எங்களுக்குத் தேநீரும் பாணும், அங்கத்தைய சதுப்பில் விளையும் மஞ்சள் நிறப் பழத்தின் ஜாமும். எண்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி தேநீர்க் கேத்திலோடு வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"உங்களைப் போன்ற பையன்களைத்தான் ஒருதரம் கடலில் இருந்து கொண்டுவந்தார்கள். நாங்கள் பெண்களெல்லாம் சேர்ந்து சூப் காய்ச்சிக் கொடுத்தோம். நீங்கள் அவர்களில் ஒருவரா?"

மேசையில் இருந்த எல்லாரும் திரும்பினார்கள்.

"ஓம்" என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

சொன்னதும் அவர் கேத்திலை வைத்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். சோப்பும் புகையும் மணத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். படகு எப்படி இருந்தது என்று யாரோ கேட்டார்கள். கயிற்றைச் சொன்னேன். யார் பிடித்தது? நான் பிடித்தேன் என்றேன். அழகாகச் சொன்னேன், அதுதான் இப்போதும் சுடுகிறது. ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவி தன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மற்றவர்கள் சுகமா, யாரையாவது தெரியுமா என்று கேட்டார் அந்த அம்மா. ஒருவர் என் அத்தான் என்றேன். அது மட்டும் உண்மை. உடனே அந்த அம்மா தன் வீட்டுக்குப் போய், தான் பின்னிய கம்பளிக் காலுறைகள் ஒரு சோடி கொண்டுவந்து, ஒரு சீட்டில் ஏதோ எழுதி, உள்ளே செருகி, அத்தானிடம் கொடுக்கச் சொல்லித் தந்தார்.

திரும்பும் ரப்பர் படகில் மனைவி காதருகே சொன்னாள்:

"ஏனப்பா உப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வாயில வந்திட்டுது."

"வாயில வந்ததை நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ. நான் வரமாட்டன்."

அத்தான் ரொறன்ரோவுக்கு வந்த நாளிலிருந்து சென் ஜேம்ஸ் ரவுணில்தான் இருக்கிறார், அதே உயர்ந்த கட்டடம், பதினேழாம் மாடி. திரும்பி வந்து இரண்டு கிழமை சாக்குச் சொல்லிவிட்டு ஒரு ஞாயிறு பின்னேரம் போனேன். சீட்டை எடுத்துவிடலாம் என்று லிப்ட்டில் நினைத்தேன். அதையும் செய்யவில்லை, துணிவினால் அல்ல, அதற்குள் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அவர் நின்றுவிட்டார்.

அவர் காலுறையைத் தடவிப் பார்த்தார். சிரித்தார். பிறகு சீட்டை வாசித்தார். "உங்கள் மச்சானோடு படகில் இருந்த உங்களுக்கு" என்று எழுதியிருந்தது.

எப்போதும் என்னை நீ என்பவர்.

"நீர் எந்தப் போட்டில இருந்தனீர்? இரண்டு போட்டெல்லோ. முன்னுக்குப் போனதிலயோ, பின்னுக்கு வந்ததிலயோ?"

நான் சீட்டை வாங்கி மடிக்கத் தொடங்கினேன்.

"கயித்துக் கதையும் சொன்னீரோ?"

"சொன்னன்."

"பிடிச்சது ஆராம்?"

"நான் எண்டு."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய் யன்னலடியில் நின்றார்.

"கரையில ஏறின உடன நாங்கள் ஒரு பொய் சொன்னனாங்கள். எங்கையிருந்து கப்பலேறினது எண்டதை மாத்திச் சொன்னனாங்கள். உண்மையைச் சொன்னா அங்கையே திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்ட பயம். சூப் தந்த சனத்திட்டயே சொன்னம். பிறகு பேப்பரில எல்லாம் வந்திட்டுது. அந்தச் சனம் எங்களைப் பற்றி என்ன நினைச்சிருக்கும் எண்டு இவ்வளவு வருசமா யோசிக்கிறன். அதாலதான் நான் அந்தப் பக்கம் போகேல்லை. கடலுக்குப் பயந்தெண்டே நினைச்சீர்?"

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

"எங்களுக்குப் பயம் இருந்தது. உமக்கு என்ன இருந்தது?"

பதினேழாம் மாடியில் காற்று யன்னலை ஒருதரம் தள்ளிப் பார்த்தது. எனக்குத் தேநீர் இருந்தது. ஜாம் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதில் எதை அவரிடம் சொல்வது?

"இரும். எழுதும் அவவுக்கு," என்று தாளும் பேனையும் கொண்டுவந்து வைத்தார். கப்பல் நிறுவனத்தின் மூலம் சேர்ப்பிக்கலாம் என்றேன். எழுதினேன். தீவைப் பற்றி, மூடுபனியைப் பற்றி, சொந்தமில்லாத துயரத்தின் மீது மனிதனுக்கு வரும் ஆசையைப் பற்றி, ஒரு பக்கம். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"உந்த அலங்காரம் எல்லாத்தையும் வெட்டும். நீர் அதில இல்லை. அவ்வளவுதானே?"

மூன்றாம் தடவை எழுதிய தாளில் மூன்று வரி மிஞ்சியது. நான் அந்தப் படகில் இருக்கவில்லை. இருந்தவர் என் அத்தான். என்னை மன்னியுங்கள்.

நான் எழும்பும்போது அவர் காலுறைகளை மடித்து என்னிடம் நீட்டினார்.

"இதையும் சேத்து அனுப்பும்."

"அத்தான், இது உங்களுக்கெண்டுதான் தந்தவ. நீங்கள் உண்மையிலயே இருந்தனீங்கள்தானே."

"பொய்யைக் கேட்டுத் தந்தது. உண்மை தெரிஞ்ச பிறகும் தரவேணும் எண்டு நினைச்சா, அவவே அனுப்பட்டும்."

அனுப்பிவிட்டேன். கப்பல் நிறுவனம் பொதி போய்ச் சேர்ந்ததாக எழுதியது. அதன்பின் ஒன்றும் வரவில்லை. அந்த அம்மா கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு என்ன நினைக்கிறாரோ, அல்லது நினைக்கவே இல்லையோ. பனி தொடங்கிவிட்டது. அத்தான் தொலைபேசியில் பழையபடி நீ என்கிறார், கால் விறைக்கிறது என்கிறார். கடையில் நல்ல காலுறை வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், பொறுத்துப் பாப்பம்," என்றார்.