சத்தம் அடங்கும்வரை

ஓசூர் கிட்டார் கம்பெனியில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் கம்பிகளுக்குச் சுருதி சேர்த்தவர் ஜவளகிரியிலிருந்து வேலைக்கு வந்த பெண், புருவமெல்லாம் மரத்தூள். வெளிநாட்டுப் பேர் ஒட்டிய கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்ததும், வழியனுப்புகிற மாதிரி தடித்த கம்பியை ஒருமுறை சுண்டுவார். அந்தச் சத்தம் அடங்கிய பிறகுதான் நான் மூடுவேன்.

“ஏங்க, மூடறதுக்கு இவ்ளோ நேரமா?” என்றார் ஒருநாள்.

“சத்தம் உள்ள மாட்டிக்கும்ங்க.”

“மாட்டட்டும். கப்பல்ல அதுக்குத் தொணையா போவட்டும்!” என்று சிரித்தார்.

டீ குடிக்கக் கூப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டரை வேறு தேசத்துக்கு மாற்றிவிட்டார்கள். கம்பெனியை மூடினார்கள்.

போன மாதம் பெங்களூர்க் கடையொன்றில் அதே பேரில் ஒரு கிட்டார் தொங்கியது. வேறு தேசத்தில் செய்தது, அந்தப் பெண்ணின் கை படாதது என்று தெரியும். தடித்த கம்பியைச் சுண்டினேன்.

“வாங்கறீங்களா?” என்றார் கடைக்காரர்.

“இருங்க, சத்தம் அடங்கட்டும்” என்றேன்.