மூன்று பேருக்கு ஓர் இடம்

காலை ஆறு பத்துக்குப் பொன்னேரியில் பழவேற்காட்டுப் பேருந்து ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத வண்டி. பதினெட்டு கிலோமீட்டரை முக்கால் மணி நேரத்தில் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார்கள். எதிரே வந்த பேருந்துகளில் அன்னக்கூடைகளோடு மீன்காரப் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் ஊரைப் பார்த்துப் போகிற நேரத்தில் நான் ஏரியைப் பார்த்துப் போனேன். பையில் ஒரே ஒரு விண்ணப்பப் படிவம். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

நான் வரைபடம் போடுகிறவள். எங்கள் சிறிய நகரத்தின் கடைத்தெருவில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் அமைப்பதற்கான திட்டம் என் மேசையில்தான் வரையப்பட்டது. பெருமையாகத்தான் வரைந்தேன், பொய் சொல்வானேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி, சைக்கிளோடு சாக்கடையில் விழுவதைப் பார்த்துச் சலித்துப்போனவள் நான். பாதை வந்தது. மருந்துக்கடை எதிரே மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் போனார்கள்.

அவர்களை விரட்ட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. மூன்று நாள் கணக்கெடுப்போம், மூன்று நாளும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நிரந்தர வியாபாரி என்று அட்டையும் பாதையோரத்தில் இடமும் தருவோம் என்பது விதி. மருந்துக்கடை எதிரே மூன்று நாளும் மூன்று முகம். ‘நிரந்தர வியாபாரி எவருமில்லை’ என்று என் கையாலேயே எழுதினேன். அதில் ஒரு முகம் கௌசல்யா அக்காவுடையது. பழவேற்காட்டுக்குப் பக்கத்துத் தோணிரேவு கிராமத்திலிருந்து வந்து, எட்டு வருடமாக என் வீட்டுக்கு நண்டு கொடுத்தவர். அவரைத் தெரிந்தும் எழுதினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பாதை திறந்த பிறகு அவரைக் காணோம். பல மாதம் கழித்து, மருந்துக்கடை எதிரே மட்டும் ஓர் இடம் மிச்சமிருக்கிறது, திங்கட்கிழமைக்குள் ஒரு பெயர் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அன்றே முடிவு செய்துவிட்டேன், அது கௌசல்யா அக்காவுக்குத்தான் என்று.

ஏழு மணிக்குப் பழவேற்காட்டில் இறங்கினேன். ஷேர் ஆட்டோக்காரர், “பூநாரை பாக்கவா மேடம்? சீசன் முடிஞ்சிபோச்சே” என்றார். தோணிரேவில் ஒரு மீன்காரம்மாவைப் பார்க்க வேண்டும் என்றதும் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, இருபது ரூபாய் என்று மட்டும் சொன்னார். வழி முழுக்க ஏரி கூடவே வந்தது. முட்டளவுத் தண்ணீரில் ஆட்கள் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழரைக்கு அக்காவைக் கண்டுபிடித்தேன். இறால் வாங்கும் வியாபாரி ஒருவரின் கொட்டகையில், பெரிசு தனியாகச் சின்னது தனியாகப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். நாள் கூலி. ஐஸில் கிடந்து விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “இன்னா மேடம், நண்டுக்கா இம்மாந் தூரம்? ஒரு போன் பண்ணக் கூடாதா?”

கொட்டகைக்கு வெளியே வந்து நின்று பேசினோம். கோபம் துளிகூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள் இரண்டாம் வருடத்தோடு நின்றுவிட்டாள் என்று, வேறு யாரோ வீட்டு விஷயம்போலச் சொன்னார். மறுபடி சேர்ப்பதற்கு ஆனிவரை நேரம் இருக்கிறதாம். அந்த மூன்று நாளும் நீங்களே வந்து உட்கார்ந்திருக்கக் கூடாதா அக்கா என்று ஆதங்கத்தோடு கேட்டேன்.

“அதெப்படி மேடம்? ஒரு எடம், மூணு பேரு. ஏரில பாடு வெக்கிற மாரிதான் நாங்களும் வெச்சிக்கினோம். ஒரு நாளு நானு, மறுநாளு தேசம்மா, அதுக்கு மறுநாளு செல்வி.”

பாடு என்றால் முறை. மீன் நன்றாகப் படும் இடங்களில் ஒருவரே வலை போட்டுக்கொண்டிருக்க முடியாது. சீட்டுப் போட்டு, எல்லோருக்கும் முறை வைத்துப் பங்கிடுவார்கள். ஆண்கள் ஏரியில் செய்வதை இந்தப் பெண்கள் என் கடைத்தெருவில் செய்திருக்கிறார்கள். முறை இல்லாத இருவரும் கூடையோடு தெருத்தெருவாக நடந்து விற்றிருக்கிறார்கள். நியாயமாகப் பங்கிட்டுக்கொண்டதால்தான் மூவரில் ஒருவருக்கும் அட்டை கிடைக்கவில்லை. 

படிவத்தை எடுத்தேன். மற்ற இருவருக்கும் சொல்ல வேண்டாம் அக்கா, நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். இப்போது எழுதும்போது கூசுகிறது. அவர் ஒரு நிமிடம் படிவத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி, உள்ளே அதே கூலிக்கு இறால் பிரித்துக்கொண்டிருந்த தேசம்மாவையும் செல்வியையும் கூப்பிட்டார்.

மூவருக்கும் படித்துக் காட்டினேன். மாற்றி மாற்றி உட்கார்ந்துகொள்ளலாமா என்று செல்வி கேட்டாள். மூவரில் இளையவள் அவள். கூடாது, அட்டைக்காரர் தவிர வேறு யார் உட்கார்ந்தாலும் அட்டை ரத்து என்றேன். கடைசியில் தேசம்மாதான் சீட்டுப் போட்டுவிடலாம் என்றார். என் நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்து, மூன்று பெயர் எழுதி, மடித்துக் காலிக் கூடையில் போட்டோம். வெளியாள் கைதான் எடுக்க வேண்டுமாம். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். விடவில்லை.

கடவுளே, கௌசல்யா என்று வரட்டும் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டேதான் கையை விட்டேன். பிரித்தால், செல்வி.

செல்வி சந்தோஷப்படவில்லை. தலையைக் குனிந்துகொண்டே கையெழுத்துப் போட்டாள். கூலியில் பிடித்துவிடுவார்கள் என்று தேசம்மா எழுந்து கொட்டகைக்குள் போய்விட்டார்.

எட்டரைக்குக் கௌசல்யா அக்கா என்னோடு ரோடு வரைக்கும் நடந்து வந்தார். ஆட்டோ வந்து நின்றதும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

“இப்ப செல்வி. அடுத்தது தேசம்மா. அதுக்கப்பறம் நானு. ஆனிக்குள்ள என் மொற வந்துருமா மேடம்?”

ஏரியில் எல்லா முறையும் சுற்றி வரும். எங்கள் ஊரில் ஒருமுறை எழுதிய பெயர் எழுதியதுதான். வந்துவிடும் என்று தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.