கெரேயில் ஒரு கப்பல்

என் மாமாவுக்குக் கப்பலில் வேலை என்றால் எல்லோரும் எந்தக் கடல் என்றுதான் கேட்பார்கள். கடல் இல்லை, கனடாவில் ஒரு ஏரி. நாங்கள் குடியிருந்த லிங்கராஜபுரத்தில் இதைச் சொல்லிவிட்டு மானத்தோடு வீடு திரும்ப முடியாது. கன்னடத்தில் ஏரிக்குக் கெரே என்று பெயர். பக்கத்து வீட்டுக் கன்னட ஆன்ட்டி, "கெரேல கப்பலா?" என்று சிரித்த சிரிப்பில் அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. நான் பார்த்த ஒரே ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும். பந்து விழுந்தால் பையன்கள் பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி எடுத்து வருவார்கள். மாமாவோ லீவில் வரும்போதெல்லாம் தன் கப்பலைப் பற்றி அளந்து தள்ளுவார். அவரைவிட வயதில் மூத்த கப்பலாம். முதலில் இரும்புத்தாது ஏற்றியதாம், பிறகு கோதுமையாம். உப்புத் தண்ணீர் படாததால் சீக்கிரம் துருப்பிடிக்காதாம். நான் நன்றாகத் தலையாட்டுவேன், ஒரு வார்த்தை நம்பமாட்டேன்.

ஒரு நாள் காலை, அம்மா எனக்கு ஜடை பின்னிக்கொண்டிருந்தபோது அப்பாவின் போனுக்குச் செய்தி வந்தது. புயலில் கப்பல் மூழ்கிவிட்டது. ஆட்களைப் பற்றித் தகவல் இல்லை. அம்மா பின்னலைப் பாதியில் விட்டுச் சுவரோடு சாய்ந்துவிட்டாள். அப்பா யார் யாருக்கோ போன் போட்டார். ஆன்ட்டி ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு அமர்க்களம் எதற்கென்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏரிதானேம்மா, எழுந்து நின்னா போதுமே," என்றேன். விழுந்தது ஒரு அறை. அதுவரை அம்மா என்னை அடித்ததே இல்லை.

பதினோரு மணிக்கு மாமாவே கூப்பிட்டார். படகில் இறங்கி எல்லோரும் தப்பிவிட்டார்களாம். அப்பாடா, வீட்டுக்கே மூச்சு வந்தது. அம்மா அவரைத் திட்டித் தீர்த்தாள், நடுநடுவே சிரித்தாள். ஆன்ட்டி எங்கள் சமையலறையில் புகுந்து எல்லோருக்கும் காபி போட்டார். எனக்கு ஸ்கூலும் இல்லை என்றாகிவிட்டது, அது வேறு சந்தோஷம்.

ஆனால் கன்னம் இன்னும் எரிந்தது. நியாயம் கேட்காமல் விடுவேனா? ஸ்பீக்கரில் இருந்த போனைப் பிடுங்கி, தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று மாமாவிடம் கேட்டேன். குளிரில் பற்கள் தந்தியடிக்கும் சத்தத்துக்கு நடுவே மாமா சொன்னார்:

"இடுப்பளவுதான் பாப்பா. நடந்தே வந்துட்டேன்."

நான் ஜெயித்துவிட்டேன். அடித்ததற்கு ஸாரி சொல்லு என்று அம்மாவின் முன்னால் போய் நின்றேன். அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அன்று காலையிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள். தோற்றுப்போனதற்கு ஒரு பெரிய மனுஷி இப்படியா அழுவாள் என்று எனக்கே பாவமாகிவிட்டது.