ஆணி ஓட்டை இல்லாத போஸ்டர்

ஊரில் அவருக்குக் கோட்டை என்று பெயர். புதிதாகக் கேட்பவர்கள், யாரோ பெரிய இடத்து மனுஷர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆளைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விடும். தோளில் காக்கிப் பை, காதில் செருகிய பென்சில், கையில் டார்ச். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்து எழுதுகிற வேலை. குனிந்து குனிந்தே முதுகு வளைந்துபோன ஒருவரைக் கோட்டை என்று கூப்பிடுகிற ஊர் எப்பேர்ப்பட்ட ஊர் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் அவர் கோல்கீப்பர். நல்ல கோல்கீப்பர் என்றுதான் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நகர அணி இறுதிப் போட்டி வரைக்கும் போயிருக்காது. அந்த இறுதிப் போட்டியில், ஆட்டம் முடியப்போகிற நேரத்தில், எதிரணிக்காரன் ஒருவன் ஆஃப்சைடில் நின்று பந்தை வாங்கினான். அப்படி இவர் நினைத்தார். நினைத்ததோடு விட்டிருக்கலாம். ஒரு கையைத் தூக்கி, நடுவரைப் பார்த்து, ஆஃப்சைடு ஆஃப்சைடு என்று கத்தினார். நடுவர் விசில் ஊதவில்லை. பந்து எந்த அவசரமும் இல்லாமல் உருண்டு, இவர் காலைத் தாண்டி, வலைக்குள் போய் நின்றது. தூக்கிய கையை இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

அதோடு போயிருந்தால் ஊர் ஒரு வாரம் பேசிவிட்டு வேறு ஆளைத் தேடிப் போயிருக்கும். ஆனால் பத்திரிகை ஆபீசில் அன்றைக்கு எவனுக்கோ கை துறுதுறுத்தது. மறுநாள் காலை கடை வாசல்தோறும் தொங்கிய செய்திப் போஸ்டரில், மஞ்சள் தாளில், தடித் தடியான கறுப்பு எழுத்தில்: "கோட்டை விட்டார் கோல்கீப்பர்! கோப்பை போச்சு!" கீழே அந்தத் தூக்கிய கையோடு படம். எழுதியவன் எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான், சாயங்காலமே மறந்திருப்பான். அந்த வரியைச் சுமக்க வேண்டியவன் வேறு ஆளாயிற்றே. கோட்டை விட்டவர், கோட்டை விட்டவர் என்று ஆரம்பித்து, சொல்லச் சொல்லத் தேய்ந்து, கடைசியில் கோட்டை என்று நின்றது. அடுத்த வருஷம் அணியில் இடமில்லை. தண்ணீர் வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

கல்யாணமாகி ஒரு பெண் பிறந்தாள். பேச்சு வந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயதில் ஒரு நாள் கேட்டாள்.

"ஏம்ப்பா உங்களை எல்லாரும் கோட்டைன்னு கூப்பிடறாங்க?"

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "அப்பா கோல் போஸ்ட்ல நின்னா ஒரு பந்துகூட உள்ள போகாதும்மா. அதனாலதான்" என்றார்.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். குழந்தை விளையாடப் போனதும், "பொய் சொன்னது நீங்க. காப்பாத்தறதும் நீங்களே பாத்துக்குங்க. என்னை இதுல இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கப் போனாள்.

குழந்தை அந்தப் பொய்யைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. வகுப்பில் எல்லோரிடமும் சொன்னது. எங்கப்பா கோட்டை, எங்கப்பா கோட்டை என்று அது குதிக்கும்போது அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். ஊரைப் பற்றி அவருக்கு அவ்வளவு பயமில்லை. ஊருக்குக் கேலிதான் ஞாபகம் இருக்குமே தவிர, காரணம் ஞாபகம் இருக்காது. பழைய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். போகாமல் இருந்தது அந்த மஞ்சள் தாள்தான். மகள் அதை ஒரு நாளும் பார்த்துவிடக் கூடாது. மற்ற மனுஷர்களுக்கு வீடு கட்ட வேண்டும், கடை வைக்க வேண்டும் என்று ஏதாவது லட்சியம் இருக்கும். இவருக்கு இது.

மீட்டர் பார்க்கிறவனுக்குத் திறக்காத கதவு கிடையாது. பழைய போஸ்டர்களை அலமாரித் தட்டில் விரித்திருப்பார்கள், டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டிருப்பார்கள், உடைந்த ஜன்னலில் ஒட்டியிருப்பார்கள். மீட்டரில் ஒரு கண், வீட்டுக்குள் ஒரு கண் என்று தெருத்தெருவாக நடந்தார். ஒரு தையல் கடையில் மெஷின் டிராயருக்கு அடியில் முதல் போஸ்டர் கிடைத்தது. மேல் விளிம்பில் ஆணி ஓட்டை, துருக் கறை, ஒரு மூலை போயிருந்தது. தையல்காரர் சும்மாவே கொடுத்துவிட்டார். இவர் அதைத் தன் வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய்க் கொளுத்தினார். தாள் கருகிச் சுருண்ட பிறகும் அதன் மேல் எழுத்து பளபளவென்று தெரிந்தது. கோட்டை விட்டார் என்று சாம்பலே வாசித்துக் காட்டியது. அன்றிலிருந்து கொளுத்துவதை விட்டார். வாளித் தண்ணீரில் ஊறப் போட்டு, பிசைந்து, கூழாக்கிச் சாக்கடையில் ஊற்றுவார். சாக்கடை அடைக்கும்போதெல்லாம் மனைவி குச்சியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுவாள்.

வீடுகளில் கிடைப்பது குறைந்த பிறகுதான் அவர் தராசு கடைக்குப் போனார்.

தராசு என்பது பழைய பேப்பர் கடைக்காரரின் பட்டப் பெயர். முன்பக்கம் எடைக்கு எடை வியாபாரம். பின்னறையில் வேறு வியாபாரம்: பழைய மேட்ச் டிக்கெட், அணிப் பட்டியல் அச்சடித்த சிறு புத்தகம், கோப்பை ஜெயித்த மறுநாள் போஸ்டர். சேகரிக்கிற கிறுக்கர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து கூடுவார்கள். ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பைத் தடவி, மூலையைப் பார்த்து, தராசு சொல்லுவதுதான் விலை.

இந்த வியாபாரத்தில் வாங்குகிறவனுக்கு ஒரு முறை உண்டு. வேண்டியதைக் கேட்கக் கூடாது. குப்பையைக் கிளறுகிற மாதிரி கிளறி, வேண்டாத நாலு தாளோடு அதையும் சேர்த்துத் தட்டில் போட வேண்டும். கேட்டு வாங்கினால் அப்புறம் தாளுக்கு விலை இல்லை, ஆளுக்குத்தான் விலை. நம்மவர் நேராகப் போய் நின்று, எந்த வருஷம், எந்தப் பத்திரிகை, என்ன வரி என்று மூச்சுவிடாமல் சொன்னார். தராசு எடுத்துக் கொடுத்தார். கொடுத்த இடத்திலேயே இவர் அதை நாலாகக் கிழித்தார். இதைவிட வெளிப்படையாகக் கழுத்தை நீட்ட யாராலும் முடியாது.

தராசிடம் அந்தப் போஸ்டர் ஒரு கட்டு இருந்தது. பத்திரிகை ஏஜென்ட் கிடங்கைக் காலி செய்தபோது மற்ற குப்பையோடு வந்தது, கயிறுகூடப் பிரிக்காமல். எந்தக் கிறுக்கனும் சீந்தாத போஸ்டர். தோற்றவன் போஸ்டரை யார் சட்டம் போட்டு மாட்டுவான்? எடைக்குப் போட்டுவிடலாம் என்று வைத்திருந்த கட்டைத் தராசு அன்றைக்கு மேல் தட்டில் தூக்கி வைத்தார். அதன் பிறகு எப்போதாவது ஆள் அனுப்பிக் கடைக்கு வரவழைப்பார்.

"அண்ணே, இன்னொண்ணு வந்திருக்கு. இதான் கடைசின்னு நெனைக்கிறேன். ஆணி ஓட்டைகூட இல்ல பாருங்க, புதுசு மாதிரி. விலை கொஞ்சம் கூடத்தான் வரும்."

ஆணி ஓட்டை இல்லாதது நல்ல சரக்கு என்று இவரும் தலையாட்டினார். கடையில் தொங்கிய போஸ்டர் என்றால் ஆணியோ கிளிப்போ கடித்த தடம் இருந்தே ஆக வேண்டும். தையல் கடையில் கிடைத்ததில் அதை இதே கையால் தடவியிருக்கிறார். தடமே இல்லாமல், ஒரே மாதிரி மடிப்போடு, ஒவ்வொன்றாக வந்தால் எல்லாம் ஒரே கட்டு என்று ஞாயிற்றுக்கிழமைக் கிறுக்கர்களில் கடைசிக் கிறுக்கனும் சொல்லிவிடுவான். இத்தனை வருஷம் அந்தத் தாளையே தேடியவருக்கு அது தெரியவில்லை. அவர் எங்கே தாளைப் பார்த்தார்? கையில் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு கிழிப்பதுதான் அவருக்குத் தெரியும்.

மகளுக்கு நீளக் கால். ஓட்டத்தில் பள்ளிக்கூடத்தையே ஒரு சுற்று பின்னால் தள்ளிவிடுவாள். விளையாட்டு டீச்சர் ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். "ஸ்டேடியத்துல நடக்கற பயிற்சி முகாமுக்கு உங்க பொண்ணை எடுத்திருக்காங்க சார். முகாம் கட்டணமும் ஒரு நல்ல ஷூவும் நீங்க பாத்துக்கிட்டா போதும்" என்றார். அவர் சம்மதித்தார். சந்தோஷமாகவே சம்மதித்தார், அதில் பொய் இல்லை. மகள் பழைய ஷூவைக் கழுவிக் காயவைத்துவிட்டு, புது ஷூ என்ன நிறம் என்று அம்மாவிடம் பேசிக்கொண்டே இருந்தாள்.

அதே வாரம் தராசு ஆள் அனுப்பி அவரைக் கடைக்குக் கூப்பிட்டார்.

"அண்ணே, ஸ்டேடியத்துல பழைய போட்டோ, போஸ்டரெல்லாம் மாட்டி ஒரு ரூம் ரெடி பண்றாங்களாம். இதைக் கேக்கறாங்க. கடைசிச் சரக்கு. நீங்க பழைய ஆளாச்சே, உங்களைக் கேக்காம குடுக்க மனசு வரல."

ஸ்டேடியத்தில் அப்படி ஒரு அறையும் இல்லை, அதில் மாட்ட ஆணியும் இல்லை. ஆனால் அவர் மனசுக்குள் அந்த அறை உடனே திறந்துவிட்டது. ஓடிக் களைத்து மகள் உள்ளே வருகிறாள், தண்ணீர் குடித்துக்கொண்டே சுவரைப் பார்க்கிறாள், தூக்கிய கையோடு அப்பா நிற்கிறார். முகாமுக்கு வைத்திருந்த பணத்தை அப்படியே கொண்டுபோய்த் தராசிடம் கொடுத்தார். மகள் முகாமில் அதைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, அவளை முகாமுக்கே அனுப்ப முடியாமல் செய்தார். இதற்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. முட்டாள்தனம் என்று சொன்னால் முட்டாள்கள் கோபித்துக்கொள்வார்கள்.

"முகாமெல்லாம் வேண்டாம். ஓடி என்ன ஆகப்போகுது?" என்றார் மகளிடம்.

அவள் காயவைத்த பழைய ஷூவை எடுத்து உள்ளே வைத்தாள். "நீங்க சொன்னா சரிப்பா. நீங்க விளையாடின ஆளு, உங்களுக்குத் தெரியாததா" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை. மனைவி அன்று வாளியைக் கொல்லையில் வைத்துவிட்டு வந்து, "ஊறப் போடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வருஷங்கள் போயின. மகள் மருந்துக் கடையில் வேலைக்குப் போனாள், கல்யாணமாகி வேறு ஊர் போனாள். அவர் வாளியும் கையுமாகவே இருந்தார். முதுகு வளைய வளைய, கடைசிப் போஸ்டர்கள் வந்துகொண்டே இருந்தன.

அவர் ஓய்வு பெற்ற மறுநாள் மகள் வந்தாள். கையில் சுருட்டிய தாள். அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, மேசை மேல் அதை விரித்து, ஒரு ஓரத்தில் டம்ளரை வைத்தாள். மஞ்சள் தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்கு ஒண்ணு வாங்கணும்னு போனேம்ப்பா" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீங்க ஆடின மேட்ச் போஸ்டர் ஏதாவது கிடைச்சா சட்டம் போட்டுத் தரலாம்னு ஆசை. அந்தப் பழைய பேப்பர் கடையில கோட்டைன்னு ஒரு கோல்கீப்பர்னு சொன்னேன். அந்த ஆள் சிரிச்சார். என்னன்னு தெரியாமலே நானும் கூடச் சிரிச்சேன்."

அவர் டம்ளரை நகர்த்தி, படத்தில் தூக்கிய கையை மறைத்தார்.

"ஒரு கட்டை இறக்கிக் காட்டினார். ஒரு பைத்தியம் வரும்மா, கடைசி கடைசின்னு சொல்லி ஒண்ணொண்ணா அதுக்குத்தான் விக்கிறேன்னார். ஸ்டேடியத்துல மாட்டப் போறாங்கன்னு கதை விட்டு ஒரு தடவை பெரிய தொகை கறந்தேன்னு சொல்லி, அதுக்கும் சிரிச்சார். என்கிட்ட காசே வாங்கல. இது எடைக்குப் போடற தாள்மா, சும்மா எடுத்துட்டுப் போங்கன்னுட்டார்."

அவர் குனிந்து போஸ்டரின் மேல் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார். வழுவழுவென்று இருந்தது.

"ஒரு கோல்தானேப்பா. கோல் விழாத கோல்கீப்பர் எங்க இருக்கான்? நீங்க சொல்லியிருந்தா அன்னிக்கே சிரிச்சுட்டு விளையாடப் போயிருப்பேன்." மகள் நிறுத்தினாள். "அந்த முகாம் பணமும் இதுக்குத்தானா?"

அவர் மனைவியைப் பார்த்தார். என்னை இழுக்காதீங்க என்று இத்தனை காலம் ஒதுங்கி நின்றவள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆமா, இதுக்குத்தான்" என்றாள்.

மகளின் கண் நிறைந்தது. அழவில்லை. "இது அங்க தொங்கியிருந்தா அதுக்குக் கீழயே ஓடியிருப்பேம்ப்பா. எங்கப்பாதான்னு எல்லார்கிட்டயும் காட்டியிருப்பேன்" என்றாள்.

அவர் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தாள். தப்புப் பண்ணிட்டேன் என்று ஒரு வார்த்தை. அதுகூட வேண்டாம், பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும், அவள் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். மேசையைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"அந்தக் கட்டுல இன்னும் எத்தனை இருக்கும்?" என்று கேட்டார்.

மகள் இரண்டு கைகளையும் மேலும் கீழுமாகப் பிடித்து, கட்டு எவ்வளவு உயரம் என்று காட்டினாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள்.